மூன்று முறை கூப்பிட்டேன்

மாஜிஸ்திரேட் ஐயா, கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது, காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்தது. முப்பது வருஷம் கிணற்றுக்குள் வெடி வைத்தவனுக்குக் காது முழுசாக மிஞ்சியிருந்தால் அவன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த அறையில் போலீஸ் யாரும் இல்லை, நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னது கேட்டது. திரும்பட்டும். என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. காலையில் ஏழரை மணி டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, அரியலூரில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு நானாக வந்தேன். ஸ்டேஷனில் எழுதியிருக்கிற காகிதத்தில் 'கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அடிக்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

என் பெயர் சிங்காரவேலு. ஊர் தொட்டிமேடு. பஸ் நிற்கிற இடத்தில் என் கடை. கிணறு வெட்டுகிறவர்களுக்கு வெடித் தோட்டாவும் திரியும் விற்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் உள்ளவன் நான் ஒருவன்தான். கூப்பிட்டால் நானே போய் வெடி வைத்தும் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் பத்தடி தோண்டினால் பாறை. அதை உடைக்காமல் தண்ணீர் கிடையாது. இங்கிருந்து பெரம்பலூர் வரைக்கும் நீங்கள் பார்க்கிற பருத்தியிலும் கடலையிலும் பாதி என் கையால் முளைத்தது.

வெடி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, இல்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு. கண்ட நேரத்தில் வைக்கக்கூடாது. திரி பற்றவைப்பதற்கு முன்னால் வெடிக்காரன் கிணற்று மேட்டில் நின்று 'வெடீ' என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் குரலுக்கு, வெளியில் நிற்கிறவர்கள் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டுக் கூரைக்குக் கீழே ஓட வேண்டும். இரண்டாவது குரலுக்கு ஆடு மாட்டை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது குரலுக்குக் கதவு சாத்தியிருக்க வேண்டும். கல் எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது. என் மகள் அம்சவள்ளி நடக்கப் பழகியதும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், "அப்பா கொரலு கேட்டா வூட்டுக்குள்ள ஓடிடு" என்பதுதான். என் குரல் ஒன்றரை மைல் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இனி வாகைக்குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குக் கிழக்கே இரண்டு மைல். ரெண்டு ஊருக்கும் நடுவில் எல்லைக்கல் கிடையாது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். எழுபத்தஞ்சு பஞ்சத்தில் எங்கள் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, அவர்கள் மதகைத் திறந்து ஒன்பது நாள் எங்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். எழுபத்தேழு வெள்ளத்தில் மருதையாறு ஊருக்குள் வந்தபோது எங்கள் பெண்டு பிள்ளைகள் அவர்கள் ஊர் ஸ்கூலில்தான் தங்கின. எங்கள் மாரியம்மன் தேரில் முதல் வடத்தை அவர்கள்தான் பிடிப்பார்கள். அந்த ஊர்ப் பெரியவர் செல்லதுரை எனக்குச் சம்பந்தி. அவர் மகனுக்குத்தான் அம்சவள்ளியைக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடைக்கு வந்து இரண்டு பெட்டி வெடி கொடு என்றால், எதற்கு என்று கேட்கிறவன் மனுஷன் இல்லை.

போன சித்திரையில் செல்லதுரை வந்தார். இரண்டு பெட்டி கேட்டார். கொடுத்தேன். என்ன வேலைக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் 'கிணறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் எழுதவில்லை. கிணற்றுக்குத்தான் வாங்கினார், கிணற்றுக்குத்தான் வைத்தார். வாகைக்குழி தெற்குத் தெருவில் கூலி வேலைக்குப் போகிற ஜனங்களுக்குச் சர்க்கார் கொஞ்சம் தரிசு கொடுத்திருந்தது. அவர்கள் அதில் பொதுவாக ஒரு கிணறு வெட்டி, தண்ணீரையும் பார்த்துவிட்டார்கள். சொந்தமாகக் கடலை போட்டால் அப்புறம் யார் கூலிக்கு வருவார்கள்? ஒரு மத்தியானம் அந்தக் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்தது. பாறையும் மண்ணுமாக மூடிக்கொண்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்தான் போயிற்று. இதில் என் பங்கு என்ன என்று சொல்லுங்கள். அரிவாள் அடித்துக் கொடுத்த ஆசாரியையா ஜெயிலில் போடுகிறீர்கள்?

ஆனால் பூமாலை விடவில்லை. பூமாலை எங்கள் ஊர்க்காரன். பதினாறு வயதில் என்னிடம் வேலைக்கு வந்தான். பாறையைத் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே விரிசல் என்று சொல்லுவான், நல்ல கை. ஒரு தடவை வைத்த வெடி வெடிக்காமல் நின்றது. அவன் இறங்கிப் பார்க்கப் போனான், அப்போது வெடித்தது. இடது கையில் மூன்று விரல் போயிற்று. அதையும் விபத்து என்றுதான் சொன்னார்கள். அது அவன் அவசரம். நான் போய்ப் பார் என்று சொன்னது உண்மைதான். உடனே போ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேலையை விட்டான். எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது நின்று மெம்பராகவும் ஆகிவிட்டான். அதுவரை என்னை முதலாளி என்று கூப்பிட்டவன், ஜெயித்த மறுநாள் கடைக்கு வந்து "அண்ணே, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டான். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அவன் தங்கை ரெங்கம்மாளை வாகைக்குழி தெற்குத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. மூடிப்போன கிணற்றுக்குப் பக்கத்திலேயே அவள் வீடு. கிணறு போன பிறகு அவள் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்தாள். இதைப் பார்த்துவிட்டு வந்த பூமாலை பஞ்சாயத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டு வந்தான். வெடி மருந்து விற்காதே என்று சொல்லப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் என் லைசென்ஸைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தர வேண்டும். அந்த இடத்தில் பிடித்தான். வாகைக்குழிக்காரர் யார் கையிலும் இனி வெடி கொடுக்கக்கூடாது. அங்கே கிணற்று வேலை இருந்தால் லைசென்ஸ் உள்ளவன் தானே நேரில் போய் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதித்தால்தான் கடிதம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், அவனுக்கு வேலை கற்றுக் கொடுத்தது.

கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தலைவர் அண்ணாதுரை எந்தப் பக்கமும் சாயாமல் விசிறிக்கொண்டிருந்தார். நான் எழுந்து கேட்டேன். பஞ்சத்தில் தண்ணீர் விட்டவனுக்கு நாம் காட்டுகிற மரியாதை இதுதானா? நாம் கொடுக்காவிட்டால் அவன் துறையூர்ப் பக்கம் போய் வாங்கிக்கொள்ளப் போகிறான். பகை வந்தால் அடுத்த பஞ்சத்தில் மதகை யார் திறப்பார்கள்? நியாயமான கேள்விகள்தான். நாலு பேர் தலையாட்டினார்கள்.

பூமாலை எழுந்து நின்றான். விரல் இல்லாத கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுவான்.

"அண்ணே, அவங்க நமக்கு ஒறவுதான். இல்லேன்னு யாரு சொன்னா? ஒறவுக்காரன் குடிச்சிட்டு நிக்கயில அவன் கையில வெட்டறதுக்கு அரிவாளக் குடுப்பமா? தெளியட்டும்னு வாங்கி வெச்சிக்க மாட்டமா? நான் வெடியே வேணாங்கல. நீங்க போயி வைங்க. நீங்க வெச்சா ஒரு உசுருக்குச் சேதம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

ஒன்பது மெம்பரில் ஐந்து பேர் அவன் பக்கம் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. முறையாக ஓட்டெடுப்புக்குப் பதினைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள்.

சேதி போன அன்றைக்கே செல்லதுரை கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "சம்பந்தி, ஒங்க ஊர்ல எங்களத் திருடன்னு எழுதி வெக்கப் போறாங்களாம். எழுதட்டும். அப்புறம் ஒங்க பொண்ணு ஒங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்சவள்ளி அப்போது ஏழு மாதம். ஐயா, பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது இந்தக் காகிதத்தைப் படித்தால் அவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன், மகளுக்காகத்தான் செய்தேன் என்று.

நீங்கள் ஏதோ கேட்கிறீர்கள். சத்தமாக. ஆமாம், அதையும் சொல்லத்தான் போகிறேன். எதையும் மறைக்க வரவில்லை.

பத்து நாள் கழித்து செல்லதுரை மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார், மோர் வாங்கிக் குடித்தார். "யோசிச்சுப் பாத்தேன் சம்பந்தி. கெணத்தத் தூத்தது தப்புதான். அந்த ஜனங்க தண்ணிக்கு நடக்கறதப் பாத்து ஒங்க மவளே என்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குது. பூமாலையக் கூப்புட்டுப் பேசிட்டேன். நீங்களே வந்து அந்தப் பாறைய எடுத்துக் கெணத்தச் சரி பண்ணிக் குடுங்க. தீர்மானம் வந்தா வந்துட்டுப் போவுது. நமக்கு என்ன?" என்றார். பெண் விஷயத்தைக் கேட்டேன். "அது ஏதோ கோவத்துல சொன்னது. அத மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் தலை நிமிர்ந்து நின்ற ஒரு ஊரை, மூன்று விரல் இல்லாத ஒருத்தன் ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டி இறங்கி வர வைத்துவிட்டான். செல்லதுரை நல்லவர், வெள்ளந்தி. தன் ஊருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாதவர்களுக்காக யாராவது ஒருத்தர் கோபப்பட வேண்டும் இல்லையா? அவரை இதில் சேர்க்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கிணற்றுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. நான் புதன்கிழமை காலையில் போனேன். பெட்டியை யார் கையிலும் கொடுக்கவில்லை. தீர்மானத்தில் எழுதியிருந்தபடியே, லைசென்ஸ் உள்ளவனாகிய நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். இன்னும் நிறைவேறாத தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெற்குத் தெரு முழுக்க வெளியில் நின்றது. பூமாலை முதல் நாளே வந்து தங்கை வீட்டில் தங்கியிருந்தான். ஓடி வந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கண்ணே. நீங்களே வந்துட்டீங்க பாத்தீங்களா. இதத்தாண்ணே நான் கேட்டேன். வெள்ளிக்கெழம தீர்மானத்த வாசிக்கயில, அண்ணன் முன்னாடியே செஞ்சு காட்டிட்டாருன்னு நானே எழுந்து சொல்லப் போறேன்."

ரெங்கம்மாள் ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டு வந்து கொடுத்தாள். வெங்காயம் கடித்துக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. அவளுடைய மாமியார் கண் தெரியாதவள், வாசலில் உட்கார்ந்து யார் வந்திருப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி குடுக்க வந்திருக்காங்க அத்த" என்று ரெங்கம்மாள் சொன்னாள்.

வெடிக்காரன் வேலை செய்யும்போது பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்பதும் ஒரு முறைதான். வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டேன். மூன்று முறை. தெரு காலியாயிற்று. வெடித்தது. கிணற்றை மூடியிருந்த பாறை சுத்தமாக உடைந்தது. ரெங்கம்மாள் வீடும் விழுந்தது. பூமாலை, ரெங்கம்மாள், அந்தக் கிழவி, மூன்று பேர். அவள் புருஷன் கல் சுமக்கப் போயிருந்ததால் வீட்டில் இல்லை.

போலீஸ் வந்தது. வீடு கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்ததாம், மருந்தை அதிகமாக வைத்துவிட்டேனாம், வயதாகிவிட்டதாம், காது வேறு கேட்காதாம். எழுதினார்கள். கவனக்குறைவு. செல்லதுரை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், "விதி சம்பந்தி" என்றார். வெள்ளிக்கிழமை எங்கள் பஞ்சாயத்து கூடி, ஒன்பதில் மிச்சம் இருந்த எட்டுப் பேரும் கை தூக்கிப் பூமாலையின் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அவனை எதிர்த்துத் தலையாட்டிய நாலு பேரும் சேர்ந்துதான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போன வாரம் லைசென்ஸை ரத்து செய்யப்போவதாகத் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில் அதே வார்த்தை. பாறையின் நரம்பு தெரியாத கத்துக்குட்டிக்குப் போடுகிற வார்த்தையை எனக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடிதம் வந்த அன்றைக்கு அம்சவள்ளி வந்திருந்தாள். நிறை வயிற்றோடு இரண்டு மைல் நடந்து வந்து, உள்ளே வராமல் நின்றாள்.

"அப்பா, கெணத்துல வெச்சா சத்தம் மேல போவும். அன்னிக்கு ரெண்டு சத்தம். ஒண்ணு மேல போச்சு. ஒண்ணு பக்கத்துல போச்சு. வெடிக்காரன் மவளுக்கு இது தெரியாதா?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன்.

"ஒங்க கொரலக் கேட்டுத்தான் நானும் வூட்டுக்குள்ள போனேன். உள்ள போனா உசுரு தப்பிக்கும்னு சொல்லிக் குடுத்தவரு நீங்க. அவங்களும் அத நம்பித்தானப்பா போனாங்க."

அதுவும் சரியாகக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். திரும்பி வாகைக்குழிக்கே நடந்து போய்விட்டாள். எந்த ஊரிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேனோ, அந்த ஊருக்கே அவளாகப் போனாள். பிள்ளை பிறந்துவிட்டது என்று நேற்று செல்லதுரைதான் ஆள் அனுப்பிச் சொன்னார். பெண் குழந்தையாம். என்னை வர வேண்டாம் என்று அம்சவள்ளி சொல்லிவிட்டாளாம்.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். மருந்து அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. கிணற்றுப் பாறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பாறைக்கு வைத்தேன். மிச்சத்தை ரெங்கம்மாள் வீட்டுப் பின்சுவர் ஓரமாக வைத்தேன். சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துத்தான் வைத்தேன், நான் சொன்ன பக்கம்தான் சாய்ந்தது. பக்கத்து வீட்டில் ஓர் ஓடு கூட நகரவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் கவனக்குறைவா?

முதல் குரலுக்குப் பூமாலை வெளியில்தான் நின்றான். பழைய வேலைக்காரன் இல்லையா, பிள்ளைகளையெல்லாம் விரட்டி விரட்டி அவரவர் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான். இரண்டாவது குரலுக்கு ரெங்கம்மாள் ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போனாள். கிழவிதான் வாசலிலேயே தடவிக்கொண்டு நின்றாள். மூன்றாவது குரல் கொடுத்தும் அவள் உள்ளே போகவில்லை. முறைப்படி நான் மூன்றோடு பற்றவைத்திருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் நான் அப்படிப்பட்டவன் இல்லை. கண் தெரியாத மனுஷி, வெளியில் நின்றால் கல் விழுந்துவிடும். ரெங்கம்மாள் வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் திரியைத் தொடாமல் பொறுத்திருந்தேன்.

முப்பது வருஷத்தில் என் வெடியால், வெளியில் நின்ற ஒருத்தருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அதையும் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள்.